ஏறின கியர்லயே இறங்கணும்

நாங்க மூணு பேரு. ஊர் எஹலியகொட. கைவசம் ஒருத்தனோட மாமாவின் பழைய மெனுவல் கார். அன்னைக்கு அதுல தோட்டத்துக்கு ஏறினது, தேங்காய் ரொட்டியைப் படம் எடுக்க. எங்க கூட்டாளியோட அம்மா லயத்துல சமைச்சு விக்கத் தொடங்கியிருந்தாங்க. வட்ஸ்அப்ல போட நல்ல படம் வேணும்.

காம்பராவுக்குள்ள ஃபிளாஷ் போட்டு எடுத்தோம். ரொட்டி சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. பிறகு தட்டை இஸ்தோப்புக்குக் கொண்டு வந்தோம். மழை மூட்டத்து வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மென்மையா விழுந்தது. மறுபக்கம் வெள்ளைத் தாளைப் பிடிச்சதும் நிழல் இளகிச்சு. ரொட்டி தட்டையானது, அதனால நேர் மேல இருந்து எடுத்தோம். பிளேன்டிக்குப் பின்னால கறுப்புத் துணி தொங்கவிட்டு, வெளிச்சம் பின்பக்கமா சாய்வா வர வச்சதும் ஆவி தெளிவா தெரிஞ்சது. பளபளப்புக்கு எண்ணெய் பூசலாமான்னு ஒருத்தன் கேட்டான்.

"வேணாம் தம்பி, நான் சுடுறது இப்படித்தான்"ன்னாங்க அம்மா.

இறங்கும்போது மழை பிடிச்சது. பெற்றோல் மிச்சம்னு நினைச்சு நியூட்ரல்ல விட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தோம். மூணாவது வளைவுல கருகின வாசனை. பிரேக் கால் ஆழத்துக்குப் போகுது, கார் நிக்கல. பயத்துல ரெண்டாம் கியர், அப்புறம் முதலாம் கியர் போட்டு, மண்மேட்டோரமா சாய்ச்சு நிப்பாட்டினோம். அஞ்சு நிமிஷம் யாரும் பேசல.

மாமா திட்டல. "எந்தக் கியர்ல ஏறினீங்களோ அதுலயே இறங்குங்க"ன்னார். கியர்ல இருந்தா இன்ஜினே சக்கரத்தைப் பிடிச்சுக்கும். நியூட்ரல்லயோ கிளட்ச்சை மிதிச்சோ வந்தா முழுப் பாரமும் பிரேக்குக்குத்தான். சூடேறினா அது பிடிக்காது. மிச்சம்ங்கிறதும் பொய்: இன்ஜெக்ஷன் இன்ஜின்ல, கியர்ல இருந்து அக்சலேட்டரை விட்டா பெற்றோல் பாயுறதே நிக்கும். நியூட்ரல்லதான் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

2025 மே 11 கொத்மலை கெரண்டிஎல்லவுல பஸ் கவிழ்ந்து இருபதுக்கு மேல செத்தாங்க. அந்தச் செய்தியை நாங்க ஸ்க்ரோல் பண்ணிட்டுத்தான் போனோம். இப்ப அப்படி முடியல.

லைசன்ஸ் எடுத்த புதுசுல இருக்கிறவங்களுக்கு இதை எழுதுறோம். இறக்கம் தொடங்க முன்னமே கியரைக் குறைங்க. மழையில முன்வண்டிக்கு இடைவெளியைக் கூட்டுங்க. படம் எடுக்கணும்னா வளைவுல இல்ல, அகலமான இடத்துல ஓரமா நிப்பாட்டிட்டு எடுங்க.

அந்த ரொட்டிப் படத்துக்கு முதல் நாளே ஓடர் வந்துச்சு. கொண்டு போய்க் குடுத்தது நாங்கதான். ரெண்டாம் கியர்ல.