என் ஆட்கள் போய்விடக் கூடாது

மரக்காணம் பக்கம் ஓர் இறால் பண்ணைக்கு நான் மேனேஜர். குடியிருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். என்னிடம் வேலை பார்த்த பையன்களுக்குச் சான்றிதழ் கிடைக்கவிடாமல் செய்தவன் நான்தான். தெரிந்தேதான் செய்தேன்.

2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், வேலையில் இருந்தே தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்று தரும் பிரிவும் உண்டு. மீன் வளர்ப்புத் தொழிலாளி, இறால் வளர்ப்பவர் என்ற பணிகளுக்கு இந்திய வேளாண் திறன் கவுன்சில் தரம் வகுத்திருக்கிறது. அந்தச் சோதனைக்கு ஆள் கேட்டு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு மேசை டிராயரில் போட்டேன். காதில் விழுந்து பையன்கள் கேட்டபோது, "அதெல்லாம் படிச்சவங்களுக்குத் தம்பி" என்றேன்.

பச்சைப் பொய். அவர்கள் அன்றாடம் செய்வதைத்தான் அங்கே சோதிப்பார்கள். குட்டையில் பகலெல்லாம் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே இழுத்துக்கொள்ளும். விடியும் முன்தான் ஆபத்து. ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இறால் தவிக்கும். ஏரேட்டரை எப்போது போடுவது, செக் ட்ரேயில் மிஞ்சிய தீவனத்தைப் பார்த்து அடுத்த வேளைக்கு எவ்வளவு குறைப்பது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஏன் அப்படி என்பது மட்டும் தெரியாது. நானும் சொல்லித் தரவில்லை.

காகிதம் கைக்கு வந்தால் சம்பளம் கூடக் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் நெல்லூர், பீமவரம் என்று கிளம்பிவிடுவார்கள். இது ஒரு பயம். இன்னொன்றைச் சொல்ல நாக்கூசுகிறது. குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இறாலுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்துகள். கடைக்காரர் கொடுத்த, பேர் போடாத பொடியைத் தீவனத்தில் கலக்கச் சொன்னால், என் ஆட்கள் வாய் பேசாமல் கலந்தார்கள். விவரம் தெரிந்தவன் "இது என்ன மருந்து சார்?" என்று கேட்பான். எனக்கே தெரியாது.

எங்களிடம் வருஷக்கணக்கில் வேலை பார்த்த ஒருவன் வேறு பண்ணைக்குப் போனான். கையில் சான்றிதழ் இல்லாததால் அங்கேயும் ஹெல்பர் கூலிதான். அதைக் கேட்டும் நான் மாறிவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மறுபடி அழைப்பு வந்தபோது புதிதாகச் சேர்ந்தவர்களை அனுப்பினேன். குட்டையைப் பார்த்தே நோயைச் சொல்லக்கூடிய கெட்டிக்காரனை மட்டும், "இந்தப் பிடிப்பு முடியட்டும்" என்று நிறுத்தி வைத்தேன். பிடிப்பு முடிந்து அடுத்த குஞ்சும் விட்டாயிற்று. அவனை இன்னும் அனுப்பவில்லை.