இரைச்சலைத் துடைக்கப்போய் எழுத்தை இழந்தோம்



மண்ணரையில் நம் மதரஸா ஆண்டு விழாவில் மாணவர்கள் ஓதிய கிராஅத்தைச் சென்ற ஆண்டு பதிவு செய்து பெற்றோர்களுக்கு அனுப்பினோம். வளைகுடாவில் பணிபுரியும் ஒரு தந்தை, "ஹஜ்ரத், என் மகன் ஸீனையும் ஸாதையும் விழுங்குகிறானே" என்று வருந்தினார். நாமும் கேட்டோம், அவர் சொன்னது சரியாகவே பட்டது. மறுநாள் அம்மாணவனைக் கண்டித்தோம். அவன் தலைகவிழ்ந்து நின்றான்.

பிழை அவனுடையதன்று என்பது சில நாள் கழித்தே விளங்கிற்று. பதிவில் ஓர் உறுமலும் காற்று வீசுவது போன்ற இரைச்சலும் இருந்தமையால், கணினி மென்பொருள் கொண்டு அவற்றைத் துடைத்திருந்தோம். தஜ்வீதில் ஹம்ஸ் எழுத்துகள் பத்து என்று கற்பிக்கிறோம். ஃபா, ஸீன், ஷீன், ஸாத் முதலிய அவற்றில் மூச்சு ஓடும். மென்பொருளுக்கோ அந்த மூச்சும் இரைச்சலும் ஒன்றுதான். துடைக்காத மூலப் பதிவைக் கேட்டோம். ஸாத் தெளிவாக இருந்தது. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கண்டித்தோம். ஆதலால் எல்லார் முன்னிலையிலுமே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

1961இல் வெளிவந்த ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ அவர்களின் முழுக் குர்ஆன் பதிவைக் கேட்டு இன்றும் பிள்ளைகள் எழுத்துகளைத் திருத்திக்கொள்கிறார்கள். ஓதலைப் பதிவு செய்வதும் ஓர் அமானிதமே.

இவ்வாண்டு இரைச்சலை அதன் பிறப்பிடத்திலேயே தேடினோம். மைக்செட் சகோதரர் ஆறு மைக்குகளையும் தனித்தனித் தடங்களாகக் கணினியில் பதியச் செய்தார். முன்தினமே ஒவ்வொரு தடத்தையும் ஹெட்ஃபோனில் தனியே கேட்டோம். ஒன்றில் மட்டும் கரகரப்பு. கேபிளை மாற்றியதும் அது போயிற்று. உறுமலோ ஆறிலும் இருந்தது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அது ஒலிக்கம்பியில் கலந்தால் இப்படித்தான் உறுமும். மைக்குகளைக் கழற்றியும் நிற்கவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது! மிக்ஸரும் மடிக்கணினியும் வெவ்வேறு சுவர்களிலிருந்து மின்சாரம் எடுத்ததால், இரண்டின் எர்த்துக்கும் இடையே ஒரு சுற்று உண்டாகியிருந்தது. இரண்டையும் ஒரே பலகையில் செருகினோம்; தீர்ந்தது. எர்த் பின்னை உடைத்துவிடலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். பிள்ளைகள் கையில் மைக் பிடிக்கும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

எஞ்சியது பக்கத்துத் தெரு நிட்டிங் மிஷினின் ஓசை. நிறுத்தச் சொல்ல முடியுமா? நம் மாணவர்களின் தந்தையர் சிலருக்கு அங்கேதான் இரவு ஷிப்ட். ஜன்னலை அடைத்தோம், மைக்கை வாய்க்கு அருகே வைத்து மிக்ஸரில் அதன் அளவைக் குறைத்தோம், ஓதாதவர்களின் மைக்கை மூடிவைத்தோம்.

அம்மாணவன் இம்முறையும் ஓதினான். அவனுடைய ஸாதுக்குப் பின்னால் அந்த மிஷின் மெலிதாகக் கேட்கத்தான் செய்கிறது. துடைக்காமல் அப்படியே அவன் தந்தைக்கு அனுப்பிவிட்டோம்.