ரோச்சோர் கால்வாயோரம் தாத்தாவின் குரல்

ரோச்சோர் ரயில் நிலையத்தைவிட்டு மேலே வந்தால் பக்கத்திலேயே சிம் லிம் ஸ்குவேர். எத்தனையோ முறை மைக், கேபிள், மெமரி கார்டு என்று எதையாவது வாங்க அங்கே போயிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலை மட்டும் வாங்கப் போகவில்லை. கைப்பைக்குள், பழைய துண்டில் சுற்றிய ஒரு வன்தட்டு இருந்தது. பேருந்திலும் ரயிலிலும் அதை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

வானொலி வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2014ல், தாத்தாவைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மூன்று ஒலிக்கோப்புகள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது முதல் கோப்பு. நகராட்சியில் சேர்ந்து, இதே ரோச்சோர் வட்டாரத்தில் கால்வாய் துப்புரவு செய்த காலம் இரண்டாவது. முதன்முதலாக ஒரு வானொலிப் பெட்டி வாங்கிய கதை மூன்றாவது. தாத்தா 2019ல் காலமானார். நேயர்களின் குரலை நாள்தோறும் ஒழுங்காகச் சேமித்துவைக்கும் நான், என் தாத்தாவின் குரலை ஒரே ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். ‘பிறகு இன்னொரு பிரதி எடுக்கலாம்’ என்று நினைத்தே பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

ஒருநாள் இரவு, கணினியில் இணைத்ததும் வன்தட்டு ‘டிக், டிக்’ என்றது. கோப்புகள் தெரியவில்லை. கழற்றினேன், மாட்டினேன். கேபிளை மாற்றினேன். இலவச மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கி, இரவு முழுதும் ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையிலும் அதே ‘டிக், டிக்’.

என்னைத் தடுத்தவர் பெரியம்மா. 1980களில் அங் மோ கியோ தொழிற்சாலை ஒன்றில் வன்தட்டு உறுப்புகளைப் பொருத்தியவர். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக வன்தட்டு தயாரித்த இடம் சிங்கப்பூர்தான். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை, முகத்தில் பவுடர்கூடப் போடக்கூடாது, எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப் முன்னால். அவர் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

“ஹெட்டு போயிருச்சு. இனிமே கரண்ட் கொடுக்காதே. ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் தட்டைக் கீறிடும்.”

“இரவெல்லாம் ஓடவிட்டேன் பெரியம்மா.”

அவர் பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்துவந்து கொடுத்தார்.

சிம் லிம் ஸ்குவேரின் கீழ்த்தளத்தில் விளக்கு வெளிச்சமும் கூவல்களும் அதிகம். கைப்பேசி, கேமரா, விலைப்பட்டியலோடு பின்னாலேயே வரும் விற்பனையாளர்கள். மின்படிகளில் மேலே போகப்போகச் சத்தம் குறையும். நான் தேடிப்போன கடை மேல்மாடியின் ஒரு மூலையில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவில் இருந்தது. கடைக்கார அங்கிள் முதலில் கேட்டது வன்தட்டின் பிராண்டை அல்ல.

“உள்ளே என்ன இருக்கிறது?”

சொன்னேன். தலையசைத்துவிட்டு, மேசையில் கிடந்த ஒரு செத்த வன்தட்டைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடிபோல் மின்னும் வட்டத் தட்டு. என்னுடையதைப் போன்ற சிறிய வன்தட்டுகளில் அது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். தகவலைப் படிக்கும் முனை அதைத் தொடுவதில்லை. தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கிறது. கீழே விழுந்தாலோ, தேய்ந்தாலோ, அந்த முனை சேதமாகும். தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தடவும். அந்த டிக் சத்தம் அதுதான்.

தவறுதலாக அழித்த கோப்பு என்றால் மென்பொருள் உதவும். ஆனால், முனை உடைந்த வன்தட்டில் மென்பொருளை ஓடவிடுவது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வது போல என்றார். குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் சரியாகும் என்று சிலர் செய்வார்களாம். உள்ளே ஈரம் படிந்து, இருந்ததும் போகுமாம். நல்லவேளை, அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை.

அதே மாடலில் இன்னொரு வன்தட்டைத் தேடிப்பிடித்து, தூசி புகாத அறையில் வைத்து, அதன் முனைகளை என்னுடையதில் பொருத்த வேண்டும். பிறகு பழுதான இடங்களைத் தாண்டித்தாண்டி, படிக்க முடிவதை எல்லாம் புதிய வன்தட்டுக்குப் பிரதியெடுக்க வேண்டும். கட்டணம் 1,100 வெள்ளி. மூன்று வாரம் ஆகலாம். உத்தரவாதம் எதுவும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே வந்தேன். வீட்டுக்குப் போக மனம் வராமல் கால்வாயைக் கடந்து நடந்தேன். அக்கரையில் சுங்கை ரோடு. சுங்கை என்றால் மலாயில் ஆறு. திருடர் சந்தை என்று பெயர்பெற்ற பழம்பொருள் சந்தை இங்கேதான் இருந்தது. தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய கடிகாரம், நாணயம், செருப்பு, ரேடியோ எல்லாம் கிடக்கும். வீட்டில் ஏதாவது தொலைந்தால், “சுங்கை ரோட்டுல போய்ப் பாரு, விலைக்குக் கிடைக்கும்” என்பார் தாத்தா. 2017 ஜூலை 10ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. தாத்தா தன் முதல் வானொலிப் பெட்டியை வாங்கியது இந்தத் தெருவில்தான். எவ்வளவுக்கு, யாரிடம், எப்படிப் பேரம் பேசினார் என்பதெல்லாம் அந்த மூன்றாவது கோப்பில் இருந்தது. அன்று நின்றபோது தெருவில் வாகனங்கள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில் வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயில் வாசலில் சற்று நின்றேன். பக்கத்திலேயே குவான் இம் கோயில். அங்கே கும்பிட்டுவிட்டு வந்த சீன மூதாட்டி ஒருவர் இங்கேயும் ஊதுபத்தி ஏற்றிவைத்தார். நானும் இரண்டு இடத்திலும் கும்பிட்டேன்.

நான்காவது வாரம் அழைப்பு வந்தது. முதல் இரண்டு கோப்புகளும் முழுதாகக் கிடைத்திருந்தன. மூன்றாவதில் ஆங்காங்கே ஓட்டைகள். தட்டில் கீறல் விழுந்த இடங்களைப் படிக்க முடியவில்லை என்றார் அங்கிள். அந்தக் கீறல்களில் எத்தனை என் ஒரே இரவின் வேலை என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா, பெரியம்மா, நான் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். “ரேடியோ எத்தனை வெள்ளி தாத்தா?” என்று இருபத்துச் சொச்ச வயது நான் கேட்கிறேன். தாத்தா சிரிக்கிறார். பிறகு நாற்பது விநாடிக்கு ஒன்றுமே இல்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். அந்த நாற்பது விநாடியும் மூவரும் அசையாமல் இருந்தோம். பிறகு தாத்தா, “அதை இப்ப நினைச்சாலும்…” என்று எதற்கோ சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“இருபது வெள்ளி” என்றார் அம்மா.

“முப்பத்தஞ்சுடி. நான்தானே கூடப் போனேன்” என்றார் பெரியம்மா.

இன்றுவரை தீர்ப்பு இல்லை.

இப்போது தாத்தாவின் குரல் மூன்று பிரதிகளாக இருக்கிறது. ஒன்று என் கணினியில், ஒன்று புதிய வன்தட்டில், இன்னொன்று அம்மா வீட்டு அலமாரியில். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு வீட்டில் என்பது இந்தத் துறையில் பழைய விதி. எனக்கு அது 1,100 வெள்ளிக்குப் புரிந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அங் மோ கியோ தொழிற்சாலையில் முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்றார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். அன்று இரவே பிரதி எடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.