புகை அடுப்பு வாங்கிய கதை

ஹூஸ்டனில் இருக்கும் மகனுக்கு அப்போது வேலை போய் இரண்டு மாதம். வாரக் கடைசியில் வெளியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே கறியைப் புகையில் வேகவைக்கலாம் என்று 200 டாலர் ஒதுக்கியிருந்தான்.

கடையில் அவன் கண் வைத்தது, பக்கவாட்டில் விறகு அறை வைத்த நீள அடுப்பு. பார்க்க ரயில் எஞ்சின் மாதிரி இருக்கும். பொன்மலைப் பணிமனையில் முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவன் நான், விரலால் தட்டினேன். பிஸ்கட் டின் சத்தம். தகடு மெலிசானால் சூடு நிற்காது, மூடி இடுக்கில் புகை கசியும், அடிக்கடி விறகு தள்ள வேண்டும். அடுப்பு மலிவுதான், விறகுக்கு யார் கொடுப்பது?

"வேண்டாம்ப்பா, மூடி போட்ட உருண்டை அடுப்பே போதும்" என்றேன். 22 அங்குலம், பழையது, 60 டாலருக்குக் கிடைத்தது. அடியில் துரு ஓட்டை இல்லை, மூடி சரியாக உட்கார்ந்தது, மேலும் கீழும் காற்றுத் துளைகள் திறந்து மூடின. பாய்லரோ கோழியோ, நெருப்பை ஆள்வது காற்றுதான்.

கரிக்கட்டிகளை ஓரமாக வளைத்து அடுக்கி ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால், கொசுவத்திச் சுருள் மாதிரி மணிக்கணக்கில் எரியும். மேலே நாலு ஓக் துண்டு. பைன் கூடாது, பிசின் கசக்கும். உள்ளே 110, 120 டிகிரி செல்சியஸ் போதும். மிச்சப் பணத்தில் கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னேன். மூடியில் இருக்கும் முள்ளை நான் நம்புவதில்லை.

முதல் ஞாயிறு கோழித்தொடை. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு சாப்பிட்டாள்.