ஓரியூருக்கு முன் தத்துவாஞ்சேரி

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் புனித அருளானந்தரின் திருவிழா. அந்நாளை ஒட்டி நம் காவிரி நாட்டுப் பங்குகளிலிருந்தும் குடும்பங்கள் ஓரியூருக்குப் பயணமாகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் செம்மணலைப் பெண்கள் முந்தானையில் முடிந்து வருகிறார்கள். வீட்டில் பாடுபட்ட சுரூபத்தின் அருகே வைத்துப் போற்றுகிறார்கள். 1693-இல் வேதசாட்சியின் குருதி பட்டுச் சிவந்த மணல் என்பது அவர்களது நம்பிக்கை. அதில் குறை காண நான் வரவில்லை. ஆயினும், ஓரியூருக்குப் புறப்படுவோர் தம் வீட்டு வாசலில் எந்த வண்டல் மண்ணை மிதித்துப் பேருந்தில் ஏறுகிறார்களோ, அந்த மண்ணிலும் அவருடைய காலடி பட்டிருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவர்?

கும்பகோணம் வட்டாரத்தில், கொள்ளிடத்தை ஒட்டிய நாட்டில், தத்துவாஞ்சேரி என்றோர் ஊர் உண்டு. மதுரை மறைபரப்புப் பணித்தளத்தின் பழைய வரலாறுகளைப் படித்தவர்களுக்கு அப்பெயர் புதிதன்று. 1670-களின் பிற்பகுதியில் அருளானந்தர் தங்கி உழைத்த இடம் அது. ஓரியூரில் அவர் இருந்தது சில நாள்கள், அதுவும் கைதியாக. கொள்ளிடக் கரை நாட்டிலோ அவர் பல ஆண்டுகள் நடந்திருக்கிறார். ஆனால் நம் நினைவில் நிற்பது ஓரியூர்தான். சிந்திய குருதியை நாம் மறப்பதில்லை. சிந்திய வியர்வையைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அந்தப் பக்கம் செல்பவர்கள் ஆற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காவிரி வேறு, கொள்ளிடம் வேறு. ஊட்டி வளர்ப்பது காவிரி. வெள்ளத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு நாட்டைக் காப்பது கொள்ளிடம். கோடையில் மணல் வெளியும் நாணற்புதருமாகக் கிடக்கும் அதே ஆறு, ஐப்பசி கார்த்திகையில் கரை தெரியாமல் பெருகும். முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் 1830-களில் ஆர்தர் காட்டனின் முயற்சியால் எழுந்தவை. அருளானந்தர் காலத்தில் அவை இல்லை. ஆறு தன் விருப்பப்படி ஓடிற்று. கரையோரம் காடாக இருந்தது. மழைக்காலத்தில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நோயில்பூசுதல் கொடுக்கப் போவதென்றால் அது உயிரைப் பணயம் வைத்துச் செல்லும் பயணமாக இருந்திருக்கும்.

ஆறு மட்டுமா? நாடும் கரையுடைந்து கிடந்த காலம் அது. 1673-இல் தஞ்சையின் கடைசி நாயக்க மன்னர் விசயராகவர் மதுரைப் படையுடன் பொருது மாண்டார். மதுரையார் ஆட்சி சில ஆண்டுகளே நீடித்தது. மராட்டிய ஏகோசி தஞ்சையைக் கைக்கொண்டார். 1677-இல் அவருடைய தமையன் சிவாசியே பெரும்படையுடன் தெற்கே வந்து, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் பாளையம் இறங்கித் தம்பியை அழைத்துப் பங்கு கேட்டார். இன்று நாம் சிவன் கோவிலுக்காக அறியும் அந்த அமைதியான ஊரில்தான்! படைகள் போகும் வழியில் விளைந்த வயல் என்னவாகும், களத்திலிருக்கும் நெல் என்னவாகும் என்பதை உழவர் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போரின் பின்னே பஞ்சமும், பஞ்சத்தின் பின்னே கொள்ளைநோயும் வந்தன. இந்த நாட்டுக்குத்தான் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை வந்து சேர்ந்தார்.

அவருடைய இளமை வரலாறு நம் ஞானோபதேச வகுப்புகளில் சொல்லப்படுவதுதான். சுருக்கமாகக் கூறி நகர்வேன். 1647 மார்ச் 1-இல் லிஸ்பனில் பிறந்தார். தந்தை பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் ஆளுநராயிருந்து மறைந்தவர். பிள்ளை இளவரசர் பேதுருவின் விளையாட்டுத் தோழன். கடும் நோயுற்றபோது தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்த சிறுவன் ஓராண்டு சேசு சபை உடுப்பை அணிந்து திரிந்தான். அதே சவேரியார் 1545-இல் நம் நாகப்பட்டினத்தில் எதிர்க்காற்றினால் கடற்பயணம் தடைப்பட்டு, பின்னர் மயிலாப்பூரில் தோமையார் கல்லறைக்குச் சென்றவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். காவிரி கடலோடு கலக்கும் நாட்டுக்கு அந்தத் தாயின் நேர்த்திக்கடன் தெரியாமலே தொடர்பு கொண்டிருந்தது.

1673-இல் குருப்பட்டம் பெற்ற கையோடு அவர் கப்பலேறினார். அவரை அழைத்து வந்தவர் பல்தசார் த கோஸ்தா அடிகள். நடுக்கடலில் அவர் இறந்துபோனார். இந்த கோஸ்தா அடிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் புனிதர் தரித்த கோலம் அவர் தொடங்கிவைத்தது.

மதுரையில் 1606 முதல் உழைத்த தத்துவபோதக சுவாமிகள் அந்தணத் துறவியின் கோலம் பூண்டார் என்பது யாவரும் அறிந்தது. அந்தக் கோலத்தில் உயர்சாதியாரிடம் செல்லலாம். மற்றவர் வாசலில் வெளிப்படையாக மிதிக்க இயலாது. வயலில் உழைக்கும் மக்கள் திருமுழுக்குக் கேட்டு வந்தபோது இந்த இடர்ப்பாடு பெரிதாயிற்று. 1640-இல் கோஸ்தா அடிகள் பண்டாரக் கோலத்தை மேற்கொண்டார். அந்தணர் அல்லாத துறவியராகிய பண்டாரங்கள் எல்லாத் தெருவுக்கும் போகலாம், எல்லோரிடமும் பேசலாம். அருளானந்தர் தமக்கெனத் தேர்ந்ததும் இதுவே. காவி உடை, தலைப்பாகை, கையில் கோல். சோறும் காய்கறியும் பாலும் உணவு. இறைச்சியும் மீனும் இல்லை. யோவான் என்ற பெயரில் உள்ள இறையருளைத் தமிழாக்கி அருளானந்தர் என்று பெயர் பூண்டார்.

ஆகஸ்ட் இறுதியில் காவியுடுத்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பண்டாரக் காவி நினைவுக்கு வருகிறது. தாம் உடுத்தியிருப்பது யாருடைய நிறம் என்று அவர்களுக்கு யாராவது சொல்லலாம்.

பண்டாரசுவாமிகள் சாதியை ஒழித்துவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். அவர்களுடைய கூரைக் கோவில்களிலும் பிரிவினை இருந்தது. சாதிக்கோர் இடம் என்ற வழக்கம் நீடித்தது. அவர்கள் செய்தது வேறு. செல்லக்கூடாது என்று ஊர் விதித்த தெருவுக்குச் சென்றார்கள். அங்கிருந்த மனிதரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார்கள். சாவுப்படுக்கையின் அருகே உட்கார்ந்தார்கள். சேற்றில் நின்று நாற்று நட்ட கைகளில் நற்கருணையை அல்ல, அந்நாளைய முறைப்படி அவர்கள் நாவில் நற்கருணையை வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது சிறிய காரியமா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் (ஊரின் பெயர் வேண்டாம்) அருளானந்தர் திருவிழாவின் தேர்ப்பவனி எந்தெந்தத் தெரு வழியாகச் செல்வது என்று பேச்சு எழுந்தது. வழக்கமான பாதை போதும், மின்கம்பி தாழ்வாக இருக்கிறது, தெரு குறுகல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த நடவுக் கூலியாளான முதியவள் ஒருத்தி, யாரையும் நோக்காமல் சொன்னாள்: “சாமி, அவரு உயிரோட இருந்தப்ப எங்க தெருவுக்குத்தான் வந்தாரும்பீங்க. இப்ப அவரு தேருதான் வரமாட்டேங்குது.”

கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் நானும் இரண்டு இளைஞரும் ஒரு நீண்ட மூங்கிலை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தோம். தேரின் உயரத்துக்கு வெட்டிய மூங்கில் அது. ஒரே ஓர் இடத்தில்தான் கம்பி தட்டியது. மின்வாரியத்தார் வந்து அரை மணி நேரத்தில் அதை உயர்த்திக் கொடுத்தனர். அவ்வாண்டு தேர் அந்தத் தெருவுக்குள் சென்றது. சிலர் அன்று தேரைத் தொடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் இப்பேச்சு வெறும் தேர்ப்பாதைப் பேச்சன்று. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், நாம் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் பாடிய அதே இரவில், கீழவெண்மணியில் 44 உழவுத் தொழிலாளர் குடும்பத்தார், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அந்த வயல்களும் நம் வயல்களும் ஒரே ஆற்றின் நீரைக் குடிப்பவை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் ஊர்கள் நம் நாட்டில் உண்டு. அத்தகைய ஊரில் பண்டாரசுவாமியின் சுரூபத்துக்கு மாலையிடுவதற்கு என்ன பொருள் என்று நான் மறையுரையில் கேட்டிருக்கிறேன், இங்கும் கேட்கிறேன்.

நிற்க. கொள்ளிடத்தைக் கடந்து வடகரைக்குப் போனால் ஏலாக்குறிச்சி. தஞ்சை அரசில் 1701-ஐ ஒட்டிக் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது ஆறுதான் எல்லையாயிற்று, அக்கரை அடைக்கலமாயிற்று. அடைக்கல மாதா என்ற பெயரை அந்த வரலாற்றோடு சேர்த்து உச்சரித்தால் அதன் கனம் தெரியும். அந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடியவர் வீரமாமுனிவர். புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே காஸ்திலியோனே நகரத்தில் 1680-இல் பிறந்து, அருளானந்தர் இறந்து 20 ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே தமிழகம் வந்தவர். காவியம் ஒன்று பாட எண்ணியபோது வேதசாட்சி ஒருவரை அவர் நாயகராகக் கொள்ளவில்லை. நற்செய்தியில் ஒரு சொல்கூடப் பேசாத தச்சராகிய சூசையப்பரைக் கொண்டார். வளன் என்று பெயரிட்டு 3,615 பாடல்களில் தேம்பாவணி செய்தார். யூதேயாவின் வறண்ட குன்றுகளை மருத நிலமாக்கி, நெல்லும் கரும்பும் வாழையும் நிறைத்துவிட்டார்! புவியியல் ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக. நாள்தோறும் உளி பிடித்து, குடும்பம் காத்து, பெயரின்றி மறைந்த ஒருவரின் வாழ்வு காவியத்துக்குரியது என்று அவர் கண்டது பெரிது. வீரமாமுனிவர் இறந்த நாள் 1747 பிப்ரவரி 4 என்று வரலாற்றாசிரியர் பலர் குறிக்கின்றனர். அருளானந்தரின் நாளும் அதுவே.

அருளானந்தர் பின்னர் பணித்தளத்தின் தலைவரானார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைக்கப்பட்டார். கிழவன் சேதுபதி அவரை விடுவித்து, இனி அந்நாட்டில் போதிக்கலாகாது என்று கட்டளையிட்டார். அடுத்து சபை அலுவலாக ஐரோப்பா சென்று 1688-இல் லிஸ்பன் சேர்ந்தார். விளையாட்டுத் தோழன் அப்போது அரசர். அரண்மனையிலேயே தங்கும்படி வேண்டினார். நம்மவரோ அங்கும் தமிழ்நாட்டுப் பண்டாரத்தின் உணவையே உண்டு, தரையிலேயே படுத்தார். மெலிந்த மகனைக் கண்ட தாயின் உள்ளம் எப்படியிருந்திருக்கும்! 1690-இல் மீண்டும் கப்பலேறினார்.

மற்றது நீங்கள் அறிந்ததே. மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் நோய் நீங்கி, 1693 சனவரி 6-இல் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு வாழ உறுதி கொண்டார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். இரண்டு நாள்களில் புனிதர் கைதானார். ஓரியூர்ச் சிறையில் மை இல்லாமல் கரியால் தம் சபையாருக்கு மடல் எழுதினார். பிப்ரவரி 4-இல் தலை வெட்டுண்டார். செய்தி லிஸ்பனை எட்டியபோது அரசரின் விருப்பப்படி அவருடைய தாய் துக்க உடையின்றி விழாக்கால உடையில் அரண்மனைக்கு வந்தார் என்று வரலாறு கூறுகிறது. 1853-இல் அருளாளர் பட்டமும், 1947 சூன் 22-இல் பன்னிரண்டாம் பத்திநாதரால் புனிதர் பட்டமும் அளிக்கப்பெற்றன. நம் நாடு விடுதலையடைய அப்போது இரண்டு மாதங்கூட இல்லை.

புனிதரின் திருவிழா வரும் காலம் நமக்குச் சம்பா அறுவடைக் காலம். ஆதலால் கூலி வேலைக்குச் செல்வோர் பலரால் ஓரியூர் போக முடிவதில்லை. 2023-இல் பிப்ரவரி முதல் வாரத்திலேயே பருவம் தப்பிய மழை கொட்டிற்று. அறுக்க நின்ற கதிர் சாய்ந்து நீரில் கிடந்து முளைவிட்டது. அவ்வாண்டுத் திருவிழாத் திருப்பலிக்கு வந்தவர்களின் கால்களில் சேறு காயவில்லை. காணிக்கை வேளையில் ஒருவர் முளைத்த நெற்கதிர் ஒரு பிடி கொண்டு வந்து பீடத்தின் முன் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தம் இடத்துக்குத் திரும்பினார். அதை நான் எடுத்து அப்பத்தோடும் இரசத்தோடும் பீடத்தின்மேல் வைத்தேன்.

தத்துவாஞ்சேரிப் பக்கம் போக விரும்புவோர் தை மாதக் கடைசியிலோ மாசித் தொடக்கத்திலோ போகலாம். கும்பகோணத்தில் இறங்கிக் கொள்ளிடத்தை நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏற வேண்டும். அப்போது வாய்க்காலில் நீர் குறைந்திருக்கும்; அறுத்த வயலின் வரப்பில் முதியவர்களும் நடக்கலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கொஞ்ச தூரமாவது வண்டியை விட்டு இறங்கி, அவர் நடந்த நாட்டில் நடந்து பார்க்கட்டும்.