தென்சீனக் கடலில் 74 உயிர்கள்

1969 யூன் 3 அதிகாலை, தென்சீனக் கடலில் சீட்டோ (தென்கிழக்காசிய உடன்படிக்கை அமைப்பு) நாடுகளின் கூட்டுப் பயிற்சியில் இரு கப்பல்கள் மோதின. ஒன்று அவுஸ்திரேலிய விமானந்தாங்கிக் கப்பலான மெல்பேர்ன். மற்றையது அமெரிக்க நாசகாரியான பிராங்க் ஈ. எவன்ஸ்.

விமானங்கள் பறக்கும்போது, கடலில் விழுபவர்களை மீட்க ஒரு நாசகாரி விமானந்தாங்கியின் பின்னால் நிற்கும். அந்த இடத்துக்குச் செல்லும்படி எவன்ஸுக்குக் கட்டளை வந்தது. அதன் கப்டன் உறக்கத்தில் இருந்தார். பொறுப்பிலிருந்த இளம் அதிகாரிகள் நிலையைத் தவறாகக் கணித்து, மெல்பேர்னின் முன்பக்கமாகவே கப்பலைத் திருப்பினர். எவன்ஸ் இரண்டாகப் பிளந்தது. முற்பகுதி சில நிமிடங்களில் மூழ்க, 74 மாலுமிகள் இறந்தனர். அவர்களில் மூவர் உடன்பிறந்த சகோதரர்கள்.

மெல்பேர்னின் கப்டன் ஜோன் ஸ்டீவன்சன் இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். ஆயினும் கடற்படையை விட்டு விலகினார். அவுஸ்திரேலிய அரசின் மன்னிப்பு 2012இல்தான் அவருக்குக் கிடைத்தது.

மோதல் வியட்நாம் போர் வலயத்துக்கு வெளியே நடந்ததால், வொஷிங்டன் வியட்நாம் நினைவுச்சுவரில் அந்த 74 பெயர்களும் பொறிக்கப்படவில்லை. அவற்றைச் சேர்க்கும்படி உறவுகள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். இழந்தவரின் பெயர் ஓரிடத்தில் நிலைக்க வேண்டுமென்ற அந்த வேண்டுகோளின் நியாயம், போரில் உறவுகளை இழந்த முல்லைத்தீவு மக்களுக்கு நன்கு புரியும்.