எங்க வீட்டுக் குளத்துக்கு வரும் விருந்தாளி

எடிசன்ல எங்க கொல்லைப்புறக் குளத்துக்கு, ராரிடன் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு நாரை வரும். கிரேட் புளூ ஹெரான். நம்ம ஊர் சாம்பல் நாரைக்கு நெருங்கிய சொந்தம். நாலடி உயரம். ஔவையார் சொன்ன கொக்கு மாதிரி அசையாமல் காத்து நிற்கும். ஏழு கோய் மீன்ல இப்போ மூணுதான் மிச்சம்.

"பிடிச்சுக் கூண்டுல போடலாமாப்பா?"ன்னு பொண்ணு அழுதுகிட்டே கேட்டா. முடியாது. 1918-ல் வந்த புலம்பெயர் பறவைகள் சட்டம் அதைக் காக்குது.

அதனால குளத்து மேல வலை கட்டினோம். தொய்யாமல் விறைப்பா இழுத்துக் கட்டணும், இல்லைன்னா பறவை சிக்கிக்கும். நடுவில் மூணடி ஆழமாக்கி, மீன் ஒளிய அடியில் அகலமான குழாய் போட்டோம். ராத்திரி வர்ற ரக்கூனுக்கும் ஆழம்னா ஆகாது.

பொண்ணுகிட்ட சொன்னேன்: "மீனைக் காப்பாத்துறது நம்ம பொறுப்பு. பசிக்கிறது நாரையோட தப்பில்லைம்மா."